நான்காம் நாளுக்குத்தான் கதை

பெரிய பட்ஜெட் படம் ஒன்று வருகிறது. அதில் ஓட்டை இருக்கிறது என்று யாராவது வாய் திறந்தால் போதும், பதில் தயாராக இருக்கும். "மாஸ் படத்துல லாஜிக் பார்க்காதீங்க பாஸ். மூளையைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வாங்க."

சரி, கழற்றிவிடலாம். தியேட்டர் வாசலில் பைக் ஸ்டாண்டு இருக்கிற மாதிரி மூளை ஸ்டாண்டும் ஒன்று போட்டு டோக்கன் கொடுங்கள். அதற்கும் முப்பது ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்துப் பழகிவிட்டோம். ஆனால் மூளையை வெளியே விட்டுவிட்டு வருகிறவனுக்கு டிக்கெட்டில் தள்ளுபடி உண்டா? கிடையாது. டிக்கெட்டை அதில் போட்ட விலைக்கே வாங்க முடிவது படம் வந்து எத்தனையாவது நாள் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு மேல் ஆன்லைன் கட்டணம், பார்க்கிங், இடைவேளையில் குழந்தை கேட்கும் பாப்கார்ன். பணம் எண்ணும்போது நம் மூளை முழு வேகத்தில் ஓட வேண்டும். கதை பார்க்கும்போது மட்டும் அணைந்துவிட வேண்டும்.

இந்த உபதேசத்தைச் செய்கிறவர்கள் யார் என்று பாருங்கள். இசை வெளியீட்டு விழாவில் "ஸ்கிரிப்டுக்காக ரெண்டு வருஷம் தூங்கல சார்" என்று சொன்ன அதே ஆட்கள்தான். படம் வருகிற வரைக்கும் ஸ்கிரிப்ட். வந்த பிறகு, ஸ்கிரிப்ட் எல்லாம் எதுக்கு சார், எஞ்சாய் பண்ணுங்க.

2025 ஆகஸ்ட் 14 அன்று 'கூலி' வந்தது. ரஜினிகாந்த் படம், லோகேஷ் கனகராஜ் இயக்கம். செலவு 300 கோடிக்கும் மேல் என்று பத்திரிகைகள் எழுதின. தெலுங்கிலிருந்து நாகார்ஜுனா. கன்னடத்திலிருந்து உபேந்திரா. மலையாளத்திலிருந்து சௌபின் சாஹிர். இந்தியிலிருந்து ஆமிர் கான். மாநிலத்துக்கு ஒரு நடிகர், மாநிலத்துக்கு ஒரு விநியோக உரிமை. இத்தனை மாநிலத்திலிருந்து நடிக்க ஆள் கொண்டுவந்தவர்கள், கதையை ஒரு தடவை படித்துப் பார்த்து "ஏன்?" என்று கேட்க, ஏதாவது ஒரு மாநிலத்திலிருந்து ஒரே ஒரு ஆளைக் கூட்டி வந்திருக்கலாம்.

அந்தப் படத்தின் அச்சாணி ஒரு நாற்காலி. நாயகனின் நண்பர் ராஜசேகர் கண்டுபிடித்தது. சத்யராஜ் நடித்திருக்கிறார். பிணத்தை அதில் வைத்து மின்சாரத்தைப் பாய்ச்சினால், நாம் பாப்கார்ன் டப்பாவில் கை விட்டு எடுப்பதற்குள் ஆள் சாம்பல்.

மின்மயானத்திலோ எரிவாயு தகன மேடையிலோ போய் நின்றவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். உடல் உள்ளே போன பிறகு "ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க" என்று ஊழியர் சொல்வார். வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. எண்ணூறு டிகிரிக்குக் குறையாத உலை அது. அதற்கே அவ்வளவு நேரம். முடிந்த பிறகும் சட்டியில் வாங்கி வருவது வெறும் சாம்பல் அல்ல, எலும்புத் துண்டுகள். காரணம் எளிது. மனித உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். எழுபது கிலோ ஆளிடம் நாற்பது லிட்டருக்குக் குறையாது. அந்தத் தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 30 யூனிட் மின்சாரம் வேண்டும். 2025-ல் இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தந்த 100 யூனிட்டில் மூன்று பிணத்தின் தண்ணீரை வற்ற வைத்திருக்கலாம், நாலாவதுக்கு பில் வந்திருக்கும். அந்த 30 யூனிட்டையும் அரை நிமிடத்தில் பாய்ச்ச வேண்டுமென்றால், ஒரு பெரிய குடியிருப்பு முழுவதற்கும் போகிற மின்சாரத்தை ஒரே நாற்காலிக்குள் திருப்ப வேண்டும். நாற்பது லிட்டர் தண்ணீர் ஒரே மூச்சில் நீராவியானால் அந்த அறையில் நிற்பவர்கள் கதி என்ன? படத்தில் பக்கத்தில் நிற்கிறவர்கள் முகத்தில் வியர்வைகூட இல்லை.

இதையெல்லாம் மன்னித்துவிடுகிறேன். சினிமாவுக்கு ஒரு பொய் உரிமை உண்டு. ஒருவன் பறக்கட்டும், இன்னொருவன் மாயமாகட்டும். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அந்தப் பொய்க்கு நேர்மையாக இருந்தால் கைதட்டுவோம். என் புகார் விஞ்ஞானத்தைப் பற்றியதே அல்ல. வில்லனைப் பற்றியது.

வில்லன் சைமன் என்ன தொழில் செய்கிறான்? விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தைக் கையில் வைத்திருக்கிறான். கடத்தல்காரன். கப்பல், கன்டெய்னர், கிரேன், சொன்னதைச் செய்ய ஆயிரக்கணக்கான ஆட்கள், எல்லாம் அவனிடம் உண்டு. எதிரே வங்காள விரிகுடா இருக்கிறது. இந்த ஆளுக்குப் பிணத்தை ஒளிக்க இடமில்லையாம்! அதற்காக ஒரு கண்டுபிடிப்பாளரைத் தேடிப் பிடித்து, மிரட்டி, நாற்காலி இயக்க வைக்கிறானாம். கடல் பிணத்தைக் கரைக்குத் தள்ளிவிடும் என்று சமாதானம் சொல்லலாம். கப்பல் வைத்திருக்கிறவன் நூறு மைல் தள்ளிப் போய்ப் போட்டால் எந்தக் கரைக்கு வரும்? மீன்பிடி படகு வைத்திருக்கிறவனுக்கே தெரிந்த விஷயம் துறைமுகம் வைத்திருக்கிறவனுக்குத் தெரியவில்லை. அவன் சர்வதேச அளவில் கடத்தல் செய்கிறான் என்று நாம் நம்ப வேண்டும்.

அந்த நாற்காலிக்கு அரசாங்கம் அனுமதி மறுத்துவிட்டது என்று படத்தில் ஒரு தகவல் வரும். தவறான ஆட்கள் கையில் போனால் ஆபத்து என்று முன்கூட்டியே யோசித்து மறுத்தார்களாம். மின்சார நாற்காலியைக்கூட நம்பிவிட்டேன். இதை மட்டும் முடியவில்லை.

இது ஒரு படத்தின் நோய் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். 2022 ஏப்ரலில் 'பீஸ்ட்' வந்தது. சென்னையில் ஒரு ஷாப்பிங் மாலைத் தீவிரவாதிகள் பிடித்துக்கொள்கிறார்கள். உள்ளே தற்செயலாக ஒரு முன்னாள் ரா உளவாளி. தற்செயல்தானே, பரவாயில்லை. மாலுக்குள் நடந்ததை எல்லாம் பொறுத்துக்கொண்டு நாம் செருப்பைத் தேடும் நேரத்தில், நாயகன் போர் விமானத்தில் ஏறி எல்லை தாண்டிப் பறந்து, பாகிஸ்தானிலிருந்து தீவிரவாதித் தலைவனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறார். போர் விமானம் ஓட்டப் பல வருடப் பயிற்சி தேவை என்பதைப் பத்தாம் வகுப்புப் பையன் சொல்வான். விமானப்படையில் இருந்தவர்களே அந்தக் காட்சித் துண்டைப் பகிர்ந்து சிரித்தார்கள்.

சிரிப்பு வராத இடம் வேறு. 2019 பிப்ரவரி 27-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். அபிநந்தன் என்ற ஒரே ஒரு இந்திய விமானி எல்லைக்கு அப்பால் விழுந்தார். நம் ஊர்க் குடும்பத்துப் பிள்ளை. மார்ச் முதல் தேதி அவர் வாகாவில் நடந்து வருகிற வரைக்கும் தொலைக்காட்சியை அணைக்காமல் உட்கார்ந்திருந்த வீடுகள் எத்தனை? ஒரு விமானம் எல்லை தாண்டினால் இரண்டு நாடுகள் போரின் விளிம்புக்குப் போகும் என்பதை மூன்றே வருடத்துக்கு முன் அனுபவித்த மக்களிடம், ஒருத்தர் ஆட்டோ பிடித்துப் போய் வருகிற மாதிரி போய் வந்தார் என்று காட்டுகிறார்கள். எதிர்த்தரப்பு கேள்வி கேட்கவில்லை. நம் அரசும் கேட்கவில்லை. ஐ.நா.வுக்கு அன்று விடுமுறை போல. நாங்கள் வாழ்ந்து பார்த்த வரலாறே எங்களுக்கு ஞாபகம் இருக்கக் கூடாது என்பதுதான் இந்தப் படங்கள் வைக்கிற முதல் நிபந்தனை.

'இந்தியன் 2'-க்கு வருவோம். இங்கே நிதானமாகத்தான் பேச வேண்டும். கோபம் அதிகம்.

1996-ல் வந்த முதல் 'இந்தியன்' படத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சேனாபதி, நேதாஜியின் படையில் இருந்தவர். மகன் வாகனங்களுக்குத் தகுதிச் சான்று தருகிற உத்தியோகத்தில் இருக்கிறான். லஞ்சம் வாங்கிக்கொண்டு, பிரேக் சரியில்லாத பேருந்துக்குச் சான்று கொடுக்கிறான். அந்தப் பேருந்து விபத்தில் பள்ளிக் குழந்தைகள் சாகிறார்கள். அப்பன் மகனைக் கொல்கிறான். எவ்வளவு சிறிய சங்கிலி! ஒரு கையெழுத்து, ஒரு பிரேக், ஒரு விபத்து, ஒரு கத்தி. எந்தக் கண்ணியையும் உருவ முடியாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் வந்த ஒவ்வொருவனுக்கும் அந்தக் கையெழுத்தின் விலை தெரியும். அதனால்தான் அந்தக் கிழவனை நம்பினோம். வர்மக்கலையால் அல்ல.

இருபத்தெட்டு வருடம் கழித்து, 2024 ஜூலை 12 அன்று அவர் திரும்பி வந்தார். வயது? நேதாஜி படையில் சேரும்போது இருபது என்று குறைத்துப் போட்டாலும், 1942-லிருந்து 2024-க்கு எண்ணிப் பாருங்கள். 102. நம் வீட்டுத் தாத்தா எண்பது வயதில் ஓய்வூதியம் வாங்க, தான் உயிரோடு இருப்பதை வருடா வருடம் நிரூபிக்க வேண்டும். கைரேகை தேய்ந்துவிட்டது, மெஷின் எடுக்கவில்லை, நாளைக்கு வாங்க என்பார்கள். சேனாபதிக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. தைபேயில் இருக்கிறார். அங்கிருந்து கிளம்பி வருகிறார். அடிக்கிறார், தாவுகிறார், ஒற்றைச் சக்கர வண்டியில் பறக்கிறார். பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி என்ன போட்டிருந்தது என்று எந்த விமான நிலையத்திலும் ஒருவரும் கேட்கவில்லை.

வயதையும் மன்னிக்கலாம். அவர் வந்து சொல்வதைத்தான் மன்னிக்க முடியாது. ஃபேஸ்புக் நேரலையில் தோன்றி, ஊழலை உங்கள் வீட்டிலிருந்து களையெடுங்கள் என்கிறார். பிள்ளைகள் அப்பா அம்மாவைப் பிடித்துக் கொடுக்கிறார்கள். லஞ்ச ஒழிப்புத் துறை அதிகாரியே லஞ்சம் வாங்குகிறார், சொந்த மகனே பிடித்துக் கொடுக்கிறான், வீடு சிதைகிறது, தாய் சாகிறாள். நல்ல கரு. முதல் படத்துக்குச் சமமான கரு. ஒரு நல்ல எழுத்தாளன் இந்த ஒரு வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நம்மை உட்கார வைத்திருப்பான். படத்துக்கு அதற்கு நேரமில்லை. தங்கத்தால் இழைத்த மாளிகை காட்ட வேண்டும். வர்மத்தில் ஒருவனைக் குதிரையாக ஓட வைக்க வேண்டும். பாட்டு எடுக்க வேண்டும். ஊழலால் வீணாகும் மக்கள் பணத்தைப் பற்றி, அத்தனை பணத்தை இறைத்துப் பாடம் நடத்துகிறார்கள்.

எழுத ஆளில்லை என்று சொல்ல முடியாது. 1996-க்கு வசனம் சுஜாதா. 2024-க்கு ஜெயமோகன், கபிலன் வைரமுத்து, லட்சுமி சரவணகுமார் என்று மூன்று பேர். எழுத்தாளர்கள் இருந்தார்கள். எழுத்துக்குத்தான் இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி பக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில், இந்தப் படத்துக்கு அரங்கம் போட்டுக்கொண்டிருந்தபோது கிரேன் சரிந்து மூன்று பேர் செத்தார்கள். 102 வயது நாயகன் எங்கிருந்தும் விழவில்லை. கிரேன் விழுந்தது. திரையில் எதற்கும் விலை இல்லை. குதித்தால் அடிபடாது, சுட்டால் படாது, ஆவியானால் வியர்க்காது. விலை எல்லாம் திரைக்குப் பின்னால் நின்று உழைக்கிறவனுக்கு. பிரேக் சரியில்லாத ஒரு பேருந்தைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்த கதையின் இரண்டாம் பாகம் இது.

படம் வந்தது. மக்கள் நெளிந்தார்கள். சில நாளில் சுமார் 12 நிமிடத்தை வெட்டி எறிந்தார்கள். எந்த 12 நிமிடம் என்று பார்த்தவர்களைக் கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். எதை எடுத்தாலும் இடிந்து விழாத கட்டடம் என்றால், அங்கே தூணே இல்லை என்று அர்த்தம். கடைசியில் திரையில் என்ன போட்டார்கள்? 'இந்தியன் 3' முன்னோட்டம். அசல் கதை அதில்தான் இருக்கிறதாம். அதாவது மூன்று மணி நேரம் நாம் உட்கார்ந்திருந்தது அடுத்த படத்தின் காத்திருப்பு அறையில். காத்திருப்பதற்குக் கட்டணம்.

இந்த வியாதிக்கு இப்போது ஊரெங்கும் கிளை திறந்துவிட்டார்கள். ஓட்டை தெரிந்தால் "பார்ட் டூல ஆன்சர் இருக்கு ப்ரோ". பார்ட் டூவில் ஓட்டை தெரிந்தால் "இது யுனிவர்ஸ் ப்ரோ, அடுத்த படத்துல கனெக்ட் ஆகும்". 2023-ல் 'லியோ' வந்தபோது ஃபிளாஷ்பேக் பலவீனமாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். படம் வெளியான பிறகு இயக்குநர் ஒரு பேட்டியில், அந்த ஃபிளாஷ்பேக் பொய்யாகக்கூட இருக்கலாம், சொல்கிறவனின் பார்வை அது என்றார். அப்படித் தோன்ற வைக்கும் காட்சியைப் படத்தில் வைக்கவில்லை, அவ்வளவுதான். என்ன அழகு! படத்தைத் தியேட்டரில் பார்க்க வேண்டும். கதையை யூடியூப் பேட்டியில் பார்க்க வேண்டும். டிக்கெட்டோடு பேட்டியின் இணைப்பையும் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் வேலை மிச்சம்.

'கங்குவா' கதை இன்னும் விசேஷம். 2,000 கோடி வசூல் எதிர்பார்க்கிறோம் என்று தயாரிப்பாளர் பேட்டி கொடுத்தார். 2024 நவம்பர் 14 அன்று படம் வந்தது. காது வலிக்கிறது என்று ஜனங்கள் வெளியே வந்து சொன்னார்கள். கதை புரியவில்லை என்றும் சொன்னார்கள். படக்குழு ஒரு புகாருக்கு உடனே நடவடிக்கை எடுத்தது. ஒலி அளவை இரண்டு புள்ளி குறைத்து வையுங்கள் என்று தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார்கள். கதைக்கு அப்படி ஒரு திருகாணி இல்லாதது தமிழர்களின் துரதிர்ஷ்டம்.

சரி, இவர்களுக்கு எழுதத் தெரியாதா? தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். 'கூலி'யும் 'லியோ'வும் எடுத்த அதே லோகேஷ் கனகராஜ் 2019 தீபாவளிக்கு 'கைதி' கொடுத்தார். அன்றைக்கே எதிரே 'பிகில்'. 'கைதி'யில் நாயகி கிடையாது, பாட்டு கிடையாது. ஒரே ராத்திரி. மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்னொரு பக்கம் திருச்சி கமிஷனர் அலுவலகத்தில் சில கல்லூரிப் பிள்ளைகளும் ஒரு வயதான கான்ஸ்டபிளும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு என்ன தெரியும், எத்தனை நேரம் பாக்கி என்பது கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்கும் தெரியும். லாரி நின்றால் நம் மூச்சு நின்றது. இவர்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் ஒரு கட்டடம் முழுக்கப் பயம் வந்தது. யாரும் நம் மூளையைக் கழற்றச் சொல்லவில்லை. மூளை இருந்ததால்தான் பயந்தோம்.

'இந்தியன் 2'-க்கு நாலு வாரம் முன்னால், 2024 ஜூன் 14 அன்று 'மகாராஜா' வந்தது. முடி வெட்டுகிற ஒருவர் காவல் நிலையத்துக்குப் போகிறார். வீட்டில் ஒரு குப்பைத்தொட்டி காணாமல் போய்விட்டது, கண்டுபிடித்துத் தாருங்கள் என்கிறார். போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம். முன்னும் பின்னுமாகக் காலம் மாறி மாறிப் போகிறது. படம் முடியும்போது ஒரு துண்டுகூட மிச்சமில்லாமல் எல்லாம் வந்து பொருந்துகிறது. சிரித்ததற்கு வெட்கமாகிவிடுகிறது. ஜூனில் ஒரு குப்பைத்தொட்டியிலிருந்து ஒரு கதை வந்தது. ஜூலையில் கதை எங்கே போய் விழுந்தது என்பதை நீங்களே பார்த்தீர்கள்.

அப்படியானால் தெரிந்தவர்கள் ஏன் எழுதுவதில்லை? பட்ஜெட் சின்னதாக இருக்கும்போது கதைதான் முதலீடு. வேறு ஒன்றும் இல்லாததால் அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டியிருக்கிறது. பட்ஜெட் பெரிதானதும் வரிசை தலைகீழாகிறது. முதலில் நட்சத்திரத்தின் தேதி. பிறகு வெளியீட்டுத் தேதி, பொங்கலோ சுதந்திர தினமோ. பிறகு ஓ.டி.டி., சாட்டிலைட், வெளிநாட்டு உரிமை, ஆடியோ. எல்லாம் விற்றாகிவிட்டது. வாங்கியவர் கதையைக் கேட்கவில்லை, முகத்தைக் கேட்டார். கடைசியாக மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ரூம் போட்டு, 'டிஸ்கஷன்' நடத்தி, விற்றுவிட்ட பொருளுக்குக் கதை தேடுகிறார்கள். இந்த இடத்தில் ஒரு ஃபைட் பேசியாச்சு, ஏன் சண்டை போடுறாங்கன்னு ஒரு காரணம் சொல்லுங்கப்பா. மாதச் சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத உதவி இயக்குநர் ஒருவர், பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே ஒரு காரணம் சொல்கிறார். 300 கோடி அந்தக் காரணத்தின் மேல் நிற்கிறது.

நிற்கவும் செய்கிறது. மூன்று நாள் நின்றால் போதும். வெள்ளி, சனி, ஞாயிறு. முன்பதிவு முடிந்துவிட்டது, ரசிகர் கூட்டம் உத்தரவாதம், குடும்பத்தோடு வருகிறவர்கள் விடுமுறைக்கு ஏற்கெனவே புக் செய்துவிட்டார்கள். முதல் மூன்று நாள் வருகிறவன் கதைக்காக வருவதில்லை. கதையைப் பற்றிக் கேள்விப்பட்டு வருகிறவன் நான்காம் நாள்தான் வருவான். கதை என்பது நான்காம் நாளுக்கான செலவு. அந்தச் செலவைச் செய்ய இவர்களுக்கு என்ன தலையெழுத்து?

இது என் அவதூறு என்று நினைப்பவர்கள் 2024-ன் கடைசி மாதங்களை நினைத்துப் பார்க்கலாம். அந்த வருடம் பெரிய படங்கள் வரிசையாகச் சரிந்தன. தயாரிப்பாளர்கள் கூடி யோசித்தார்கள். கதையில் கோளாறா என்று ஆராயக் குழு அமைத்தார்களா? இல்லை. குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டுகிற யூடியூப் பையன். முதலில், அவனைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று அறிக்கை வந்தது. பிறகு நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. புதிய படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனம் செய்யத் தடை வேண்டும் என்று மனு.

ஒரு வாரம் என்று கேட்கவில்லை, ஒரு மாதம் என்றும் கேட்கவில்லை. மூன்று நாள். கணக்கு எவ்வளவு சுத்தம் பாருங்கள். திரைக்கதையில் இந்தச் சுத்தத்தில் பாதி இருந்திருந்தால் மனுவுக்கே அவசியம் வந்திருக்காது. கருத்துச் சொல்லும் உரிமையைத் தடுக்க முடியாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. நல்ல வேளை. இல்லையென்றால், வெள்ளிக்கிழமை படம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த அண்ணன், "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்ட தம்பியிடம், திங்கள்கிழமை காலைதான் வாய் திறந்திருக்க வேண்டும். அதற்குள் தம்பியும் டிக்கெட் எடுத்திருப்பான்.

விமர்சனத்தில் பணம் வாங்கிக்கொண்டு புகழ்கிறவனும் இருக்கிறான், பணம் கிடைக்கவில்லை என்று திட்டுகிறவனும் இருக்கிறான். தெரியும். ஆனால் புகழ்கிறவனைத் தடை செய்யச் சொல்லி இதுவரை எந்தத் தயாரிப்பாளரும் நீதிமன்றப் படியேறியதில்லை. முதல் காட்சி முடிவதற்குள் "பிளாக்பஸ்டர்" என்று போஸ்டர் அச்சாகி வந்துவிடுகிறது. அது விமர்சனம் இல்லையா? இடைவேளையில் கேக் வெட்டி "வெற்றி விழா" கொண்டாடுகிறார்களே, அது கருத்து இல்லையா? நமக்கு மட்டும்தான் மூன்று நாள் வாய்ப்பூட்டு.

நீதிமன்றம், மனு, வக்கீல் பீஸ் எல்லாம் எதற்கு? இன்னும் சுலபமான வழி இருக்கிறது. விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள், யாரும் ஏமாந்தேன் என்று சொல்ல முடியாது. முதல் மூன்று நாட்கள்: முகமும் சத்தமும் மட்டும். நான்காம் நாள் முதல்: கதை, இருப்பு உள்ளவரை.